பொறந்த அன்னிக்கே ஊசியா? ஆமாங்க, அன்னிக்கேதான்!

நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு நண்பன் ஒருத்தன் அப்பாவானான். வாழ்த்து சொல்ல போன் பண்ணினா ஒரே புலம்பல். "ஹெபடைடிஸ் பி ஊசியாம்டா. போதை ஊசி போடறவனுக்கும் ஊர் மேயறவனுக்கும் வர்ற வியாதி, என் பொண்ணுக்கு எதுக்கு? வேணாம்னுட்டேன்."

குழந்தை பொறந்த வீட்ல சண்டை போட மனசு வரலை. இங்கே போடறேன்.

இந்த வைரஸ் வயசு பார்த்து அடிக்கும் மக்களே. பெரியவங்களுக்கு வந்தா கண்ணு மஞ்சளாகி, சில வாரம் படுத்தி, பெரும்பாலும் உடம்பே விரட்டிடும். 100க்கு 5 பேருக்கும் குறைவாத்தான் தங்கும். பச்சைக்குழந்தைக்குத் தொத்தினா 100க்கு 90 தங்கிடும். காய்ச்சல் கிடையாது, மஞ்சள் கிடையாது. உடம்புக்கு அது எதிரின்னே தெரியாது. முப்பது நாப்பது வருஷம் கழிச்சு ஈரல் சுருங்கியோ, புற்றுநோயாவோ தெரிய வரும். பையன் தண்ணியே அடிக்க மாட்டானே, எப்படின்னு சொந்தக்காரங்க கேப்பாங்க.

"அவளுக்கு டெஸ்ட் நெகடிவ்." சரி, உனக்குப் பார்த்தியா? தாத்தாவுக்கு, பாட்டிக்கு? சுமக்கறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு அது இருக்கறதே தெரியாது. காய்ஞ்ச ரத்தத்துல ஏழு நாள் உயிரோட இருக்கும் வைரஸ் இது. ஒரே நகவெட்டி போதும்.

"அமெரிக்காவிலயே நிறுத்திட்டாங்களே." 2025 டிசம்பர்ல அங்கே ஆலோசனைக் குழு ஓட்டுப் போட்டது, தாய்க்கு நெகடிவ்னா பெத்தவங்களும் டாக்டரும் பேசி முடிவெடுக்கலாம்னு. அந்த ஊர் குழந்தை மருத்துவர்கள் சங்கமே அதை எதிர்த்துச்சு. அதைச் சொல்ல மாட்டீங்களே! தைவானைப் பாருங்க. 1984ல ஆரம்பிச்சாங்க. பத்து வருஷத்துல பள்ளிக்கூட வயசுப் பசங்களோட ஈரல் புற்றுநோய் கிட்டத்தட்ட பாதியாச்சு.

அடுத்து கீழாநெல்லி கோஷ்டி வரும். 1988ல சென்னையில செஞ்ச ஆய்வு லான்செட்ல வந்தது உண்மை. வைரஸைக் கண்டுபிடிச்ச ப்ளம்பெர்க்கே அதுல ஒரு ஆசிரியர். அப்புறம் வேற இடங்கள்ல செஞ்சு பார்த்தப்ப அந்தப் பலன் கிடைக்கலை. எனக்கும் வருத்தம்தான்.

ஊசியில இருக்கறது வைரஸோட மேல்தோல் புரதம் மட்டும், ஈஸ்ட்ல வளர்த்தது. அதனால வியாதி வராது. 24 மணி நேரக் கெடு ஏன்னா, பிரசவத்துல வைரஸ் உள்ளே போயிருந்தா, அது ஈரல்ல குடியேறதுக்குள்ள எதிர்ப்புச் சக்தி வந்தாகணும். கெடு தாண்டினாலும் போடணும், பலன்தான் குறையும்.

இப்ப மணி மூணு. இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. மறுபடி போன் போடறேன், திட்டினா திட்டட்டும்.