சொல் அறிவோம்: 'குவைற்'

இம்முறை நாம் எடுத்துக்கொள்ளும் சொல் 'குவைற்'. வளைகுடா நாட்டைச் சொல்லவில்லை. பிரித்தானியர் வாயில் நாள் முழுவதும் புழங்கும் சின்னஞ்சிறு வினையடையைச் சொல்கிறோம். அகராதியைப் புரட்டினால் 'முற்றாக' என்றும் இருக்கும், 'ஓரளவு' என்றும் இருக்கும். இரண்டும் சரி. தொல்லையே அதுதான்.

இலத்தீனில் 'குவியேற்றுஸ்' என்றால் ஓய்ந்தது, அமைதியானது. அது பழைய பிரெஞ்சில் கடன், பழி முதலியவற்றிலிருந்து நீங்கியதைக் குறித்தது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் ஆங்கிலத்திலும் புகுந்தது. விட்டு விலகுவதைச் சொல்லும் 'குவிற்', அமைதியைச் சொல்லும் 'குவையற்', நீதிமன்றம் குற்றமற்றவரென விடுவிப்பதைச் சொல்லும் 'அக்குவிற்' எல்லாம் ஒரே குடும்பம். பாக்கியின்றித் தீர்ந்தது என்பதிலிருந்து 'முற்றாக' பிறந்தது. 'ஓரளவு' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

எப்படிப் பிரித்தறிவது? கூடவரும் சொல்லைப் பாருங்கள். நல்லது, சூடானது போலக் கூடக்குறைய இருக்கக்கூடியதென்றால் பெரும்பாலும் 'ஓரளவு'. பிழை, நிச்சயம், இயலாதது போன்றவற்றோடு வந்தால் 'முற்றாக'.

பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் 'குவைற் குட்' என்றிருக்கிறதா? இனிப்பு வாங்க ஓடவேண்டாம். அது நம்மவரின் 'பரவாயில்லை'தான். எந்தப் பாடத்தில் இன்னும் கவனம் வேண்டுமென்று ஆசிரியரிடம் கேளுங்கள். (அமெரிக்காவில் இதே சொற்கள் பெரும்பாலும் மெய்யான பாராட்டு. ஒரு மொழிக்குள் இத்தனை கூத்து!) 'நொட் குவைற்' என்றால் இன்னும் கொஞ்சம் குறைகிறது என்று பொருள். 'குவைற் எ பியூ' என்பதில் 'சில' இருந்தாலும் பொருள் 'பல'. இதற்கு விளக்கம் தேடாமல் அப்படியே மனப்பாடம் செய்வது நல்லது.

மருத்துவரிடம் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். தாங்கமுடியாத வலியை 'குவைற்' சேர்த்துச் சொன்னால் நடுத்தர வலியென அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். 'வெரி' என்றே சொல்லுங்கள்.

அகதி விண்ணப்ப விசாரணையில் 'ஆர் யூ குவைற் ஷுவர்?' என்று அதிகாரி கேட்கலாம். 'ஓரளவு நிச்சயமா' என்று அவர் கேட்கவில்லை. முழு நிச்சயமா என்கிறார். கைதான திகதியோ ஊரைவிட்டு வெளிக்கிட்ட மாதமோ மட்டுமட்டாகத்தான் நினைவிருக்கிறதென்றால் 'யெஸ்' சொல்லவேண்டாம். பின்னர் வேறொரு திகதி வாயில் வந்தால் அந்த 'யெஸ்'ஸைக் காட்டியே கேள்வி கேட்பார்கள். எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவை மொழிபெயர்ப்பாளரிடம் தமிழில் சொல்லி, அப்படியே பதியும்படி கேளுங்கள்.