அடிக்கடி நின்றுபோகும் கணிப்பொறி

சாந்தினி சௌக்கில் பாகம் பாகமாக வாங்கி, வீட்டு மேசைமேல் தாமே பூட்டிய கணிப்பொறி வேலை நடுவில் காரணமின்றி நின்றுவிடுகிறது என்று இத்திங்கள் மூன்று அன்பர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்கு நீலத்திரை தோன்றுகிறது. மற்றொருவருக்குத் திரை இருண்டு, பொறி தானே மறுபடியும் தொடங்குகிறது. மூன்றாமவருக்குப் படம் அப்படியே உறைந்துவிடுகிறது. மூவரும் கேட்பது ஒன்றே: எந்தப் பாகத்தை மாற்றுவது?

இப்போதைக்கு எதனையும் மாற்றவேண்டாம் என்பதே என் விடை.

வீட்டில் பூட்டிய பொறி என்பதற்காக எவரும் நாணவும் வேண்டாம். பராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1956-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து வந்த கணிப்பொறி நிறுவப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1966-இல், அந்நிறுவனமும் ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகமும் கூடித் தம் கையாலேயே ஒரு பொறியைக் கட்டி இயக்கின. சொந்தமாகக் கட்டுவது இவ்வூருக்குப் புதிய பழக்கம் அன்று.

நீலத்திரையைக் கண்டு அஞ்சுவோர் பலர். ரயில் பாதையில் பழைய கைகாட்டியைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: அதன் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே 'அபாயம்' என்னும் நிலைக்கு வந்துவிடும். வண்டி தாமதமாகும், உயிர் தப்பும். நீலத்திரையும் அத்தகையதே. உள்ளே ஏதோ பிழைபட்டது, இனி ஓடினால் கோப்புகள் கெடும் என்று பொறி தன்னை நிறுத்திக்கொள்கிறது.

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடங்கள் வரைந்து குடும்பத்துக்குத் துணை நிற்கிறார். அவருடைய பொறி வாரத்துக்கு நான்கு முறை நின்றது. முடித்து வைத்த வரைபடங்களில் இரண்டு, பின்னர் திறக்கவே இல்லை. விண்டோஸ் வைத்திருக்கும் நிகழ்ச்சிப் பதிவேட்டில் ஒவ்வொரு முறையும் 'கர்னல் பவர் 41' என்ற வரி இருந்தது. 'பவர்' என்ற சொல்லைக் கண்டு முதலில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மாற்றினார்கள். பயனில்லை. கடைக்காரர் ஒருவர், பார்க்காமலே, கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது என்றார். தகப்பனார் வளையலை அடகு வைக்கப் புறப்பட்டபோதுதான் செய்தி என் காதுக்கு எட்டியது.

அந்த 41 என்ற எண்ணின் பொருள் யாதெனில், முறைப்படி மூடப்படாமல் பொறி மறுபடி தொடங்கியது என்பது மட்டுமே. வண்டி நின்றது என்று ஸ்டேஷன் புத்தகத்தில் எழுதுவது போன்றது அது. ஏன் நின்றது என்று அதில் இராது. காரணத்தை அறிய நீலத்திரையில் வரும் பிழைப்பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். திரை உடனே மறைந்துவிடுமானால், விண்டோஸ் அமைப்பில் 'தானே மறுதொடக்கம்' என்பதை நீக்கிவிட்டால் அது நிலைத்து நிற்கும். ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த மென்பொருளை ஐயுறலாம். ஒரு நாள் ஒரு பெயர், மறுநாள் வேறொன்று என வந்தால் ராம் என்னும் நினைவகத் தகட்டின்மீதே ஐயம் முதலில் செல்லவேண்டும். இந்தப் பெண்ணுக்கு ஐந்து நிறுத்தங்களில் நான்கு வெவ்வேறு பெயர்கள் வந்திருந்தன.

பொறி சொல்லும் காரணத்தை அப்படியே நம்பியதால் உலகெங்கும் பலர் அலைந்த கதை ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறைப் பிராசஸர்களில் சில, விளையாட்டுகளின் நடுவே நின்றன. திரையில் வந்ததோ, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்ற செய்தி. பாவம், பலர் கார்டைக் குறை கூறினார்கள். பிராசஸருக்கு அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜ் சென்றதே காரணம் என்று 2024-இல் அந்நிறுவனமே அறிவித்து, திருத்த மைக்ரோகோடு வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. முன்பே பழுதான பிராசஸரை அத்திருத்தம் மீட்காது. அவ்வகை வைத்திருப்போர் மதர்போர்டின் பயாஸை உடனே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும் முறைக்கு வருவோம். முதலில் கோப்புகளை வேறொரு தட்டுக்குப் பிரதி எடுங்கள். கெட்ட ராம், சேமிக்கும் கோப்பையும் சத்தமின்றிக் கெடுக்கும். பிறகு பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்னும் வேக அமைப்பை அணையுங்கள். தகட்டின்மேல் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் அந்த அமைப்பை இயக்கினால் வருவதே. எல்லா மதர்போர்டும் அதைத் தாங்கும் என்பதில்லை. அதன்பின் மெம்டெஸ்ட் என்னும் இலவச நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை தோன்றினாலும் தேர்வில் தோல்விதான். 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. பிழை வந்தால் ஒரு தகட்டைக் கழற்றி மற்றதை மட்டும் சோதியுங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். கழற்றுமுன் மின்தொடர்பை நீக்கி, இரும்புப் பெட்டியைத் தொட்டுக்கொள்ளவேண்டும்.

ராம் நலமாயிருந்தால் வெப்பத்தைப் பார்க்கலாம். வைசாக மாதத்துப் புழுக்கத்தில் எல்லோரும் அதையே முதலில் குற்றம் சாட்டுகிறார்கள். ஆனால் இக்காலப் பிராசஸர் சூடேறினால் முதலில் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நிற்பது அதன் பின்னரே. விசிறியில் தூசி அடைத்திருந்தால் துடையுங்கள், போதும். மின்சாரத்தில் 12 வோல்ட் கம்பி 11.4-க்கும் 12.6-க்கும் இடையே இருக்கவேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணத்தாலும் திறக்காதீர்கள். இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

ஒரு முறைக்கு ஒரே மாற்றம். தேதி, நேரம், செய்தது, விளைந்தது ஆகியவற்றை நோட்டுப்புத்தகத்தில் எழுதுங்கள். மூன்றை ஒருங்கே மாற்றினால், பொறி சரியானாலும் காரணம் எது என்று தெரியாது. கடைக்குக் கொடுத்த காசும் எதற்கு என்று தெரியாது.

அந்தப் பெண் அவ்வாறே செய்தார். எக்ஸ்.எம்.பி. அணைத்த பின்னும் முதல் இரவிலேயே பிழைகள் வந்தன. இரு தகடுகளில் ஒன்று மட்டுமே குற்றவாளி. அதற்கு உத்தரவாதம் இருந்தது. பில்லும் அவரிடம் இருந்தது. தகடு மாறி வரும்வரை மூன்று வாரம் ஒற்றைத் தகட்டில் மெதுவாக வரைந்தார். பொறி ஒரு முறையும் நிற்கவில்லை. கெட்ட இரு வரைபடங்களை மட்டும் மீண்டும் வரையவேண்டியதாயிற்று. வளையல் அவர் தாயாரின் கையிலேயே இருக்கிறது.

பழைய வீட்டில் எர்த் கம்பி இல்லாமல் யு.பி.எஸ். வைக்கலாமா என்று கேட்டிருக்கும் லேக் மார்க்கெட் அன்பருக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.