வராத விவாதமும் கேட்கப்படாத கேள்விகளும்

2024 மே, ஜூன் மாதங்களில் ஐக்கிய மக்கள் சக்தியும் தேசிய மக்கள் சக்தியும் ஒரு விடயத்தில் விடாமல் மோதிக்கொண்டன. சஜித் பிரேமதாசவும் அநுர குமார திசாநாயக்கவும் எப்போது நேருக்கு நேர் விவாதிப்பது என்பதே அது. திகதிகள் பரிமாறப்பட்டன. முதலில் பொருளாதாரக் குழுக்கள் மோதுவதா, தலைவர்கள் மோதுவதா என்ற இழுபறியும் சேர்ந்துகொண்டது. மற்றவர்தான் நழுவுகிறார் என்று இரு தரப்பும் சொன்னது. செப்டெம்பர் 21 வாக்களிப்பும் முடிந்தது. அந்த விவாதம் நடக்கவேயில்லை.

இதைக் கட்சிகளின் விளையாட்டு என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. 2019 ஒக்டோபர் 5 அன்று மார்ச் 12 இயக்கம் நடத்திய விவாதத்துக்கு கோட்டாபய ராஜபக்ச வரவில்லை. தன்னோடு தனியே விவாதிக்குமாறு சஜித் விடுத்த அழைப்பும் வீணானது. கோட்டாபய வென்றதும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. இழக்கும் வருமானத்தை எப்படி ஈடுசெய்வீர்கள் என்ற கேள்வியை அவர் எதிராளியின் முன்னால் நின்று சந்திக்கவில்லை. விவாதம் நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால், 2022 இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு அந்தக் கேள்வியின் விலை தெரியும்.

விவாதத்துக்கு வருமாறு வேட்பாளரைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அந்தத் தேர்தல்களில் இருக்கவில்லை. அதனால் இலாபம் தெரிந்தால் சவால் விடுவார்கள், நட்டம் தெரிந்தால் நிபந்தனை போடுவார்கள். அமெரிக்காவிலும் 2024 செப்டெம்பர் 10 விவாதத்துக்குப் பின்னர் கமலா ஹரிஸ் இன்னொன்றைக் கேட்டார், டொனால்ட் ட்ரம்ப் மறுத்தார். அங்கு ஒன்றாவது நடந்திருந்தது.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு இழப்பும் உண்டு. தெற்கில் ஒரு பேச்சு, வடக்கில் ஒரு பேச்சு என்பது நமக்குப் பழகிய பிரசார முறை. 13ஆவது திருத்தம், காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் ஆகியவை பற்றி முழு நாடும் பார்க்கும் ஒரே மேடையில் பதில் சொன்னால், அந்த இரட்டைப் பேச்சு கடினமாகும்.

விவாதச் சர்ச்சை சூடாக இருந்த நாட்களில், மகனைத் தேடும் ஒரு தாயைக் கிளிநொச்சியில் சந்தித்தேன். "அது நடந்தா, எங்கட பிள்ளையளைப் பற்றி ஆரும் கேப்பினமோ தம்பி?" என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அடுத்த தேர்தலுக்கு முன்னராவது விவாதத்தின் திகதியும் விதிகளும் வேட்பாளர்களின் கையிலிருந்து எடுக்கப்பட்டு, தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் போகவேண்டும். கேள்விகள் தமிழிலும் கேட்கப்படவேண்டும். வராதவரின் கதிரையை வெறுமையாகவே காட்டுங்கள். அந்தத் தாயின் கேள்வி அந்தக் கதிரையைப் பார்த்தாவது கேட்கப்படட்டும்.