மஞ்சப்பையில் முடங்கும் குறிப்பு

வியாழக்கிழமை அரசு மருத்துவமனையில் மார்ஃபின் அளவைக் கூட்டி எழுதித் தருகிறார்கள். அந்தச் சீட்டு மற்றக் காகிதங்களோடு மஞ்சப்பைக்குள் போகிறது. சனிக்கிழமை கிராமத்து வீட்டுக்குச் செவிலியர் வருகிறார். மகன் பீரோவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார், பை உள்ளே. செவிலியரின் நோட்டில் பழைய அளவுதான் இருக்கிறது. புற்றுநோய் முற்றிய அந்த அம்மா பேசும்போதே அசந்துபோகிறார். கூட்டிய மருந்தின் மயக்கமா, நோயின் தளர்ச்சியா? மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்கான மருந்தும் எழுதினார்களா? கட்டிலருகே நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

யாருடைய அலட்சியமும் இல்லாமலே இப்படி நடக்கக்கூடும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நோய் ஆதரவு சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. தன்னார்வலர், செவிலியர், இயன்முறை சிகிச்சையாளர், மருத்துவர் என்று குழு இருக்கிறது. ஆனால் இவர்கள் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இருப்பதில்லை. அதனால் நோயாளியைப் பற்றிய ஒரே பக்கம் இவர்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் திறக்க வேண்டும் என்கிறோம். இன்றைய மருந்து, அளவு, அதை மாற்றியவர், அடுத்த வருகை, கடைசி நாட்களை எங்கே கழிக்க நோயாளி விரும்புகிறார் என்பது: இவ்வளவு போதும்.

வாட்ஸ்அப் குழுவே போதாதா என்று கேட்கலாம். போதாது. நேற்றைய டோஸ் இன்றைய காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துவிடும். படுக்கைப் புண்ணின் படம் பத்துப் பேரின் சொந்தப் போனில் தங்கிவிடும். நோயாளியின் சம்மதமும், யார் எதைப் பார்க்கலாம் என்ற வரையறையும் கட்டாயம்.

மார்ஃபினைப் பொறுத்தவரை இந்தப் பொதுப் பக்கம் இன்னும் அவசரம். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களுக்கு உரிம நடைமுறையை எளிதாக்கினார்கள். ஆனால் 2020-ன் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி மார்ஃபினைக் காணொளியில் பார்த்து எழுதித்தர முடியாது. மாத்திரை தீர்ந்த பிறகு தேடினால் அந்த இரவு முழுக்க வலிதான். மூன்று நாளைக்குத்தான் இருப்பு என்று செவிலியருக்கும் மருந்தாளுநருக்கும் முன்கூட்டியே சொல்வதே இந்தப் பக்கத்தைக் காட்டும் செயலியின் முதல் வேலை.

தன்னார்வலரும் அந்தப் பக்கத்தில் எழுத முடியவேண்டும். சோறு இறங்கவில்லை என்பது முதலில் அவருக்குத்தான் தெரியும். 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் பரவியதே பக்கத்து வீட்டுக்காரர்களை நம்பியதால்தான். ஜவ்வாது மலையில் சிக்னல் இல்லாத இடத்திலும் பதிவு செய்துகொண்டு, கீழே இறங்கியதும் தானே சேர்கிற செயலியாக இருக்கட்டும். செயலியில் எழுதியதையே நோட்டிலும் எழுதச் சொன்னால், ஒரு மாதத்தில் இரண்டுமே பொய்யாகிவிடும். செயலி வரும் நாளில் நோட்டை நிறுத்த உத்தரவும் வரவேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு வலியில் துடிக்கும் தாயின் பக்கத்திலிருந்து மகள் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கிறாள். எடுப்பவரின் திரையில் அந்தப் பக்கம் திறக்க வேண்டும். சுகாதாரத் துறை இதை ஒரு மாவட்டத்திலாவது இந்த ஆண்டே தொடங்கட்டும்.