எட்டு பாஸ்! ஒன்பதில் பிள்ளை எங்கே?

ஜூன் மாதம், காலை 9 மணி. அரசுப் பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே ஒரு தாய் நிற்கிறாள். ஒரு கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் ரேஷன் கார்டு, ஆதார் அட்டை, மார்க் ஷீட்டு. இன்னொரு கையைப் பிடித்தபடி எட்டாவது முடித்த பையன்.

"ஹெச்.எம். மீட்டிங்குல இருக்காங்க. நாளைக்கு வாம்மா" என்கிறார் வாட்ச்மேன்.

மறுநாள் வருகிறாள். "டி.சி. ஒரிஜினல் எங்க? ஜெராக்ஸ் செல்லாது."

மூன்றாம் நாள் வருகிறாள். "ஜாதி சர்டிபிகேட் இல்லியா? இ-சேவைல போட்டுட்டு வா."

மூன்று நாள் நடந்ததில் மூன்று நாள் கூலி போச்சு. நாலாம் நாள் அந்தத் தாய் வரவில்லை. பையன் தெருமுனை மெக்கானிக் ஷெட்டில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறான்.

இது ஒரு பள்ளிக்கூடத்தின் கதை அல்ல. ஒரு தாயின் கதையும் அல்ல. வருஷா வருஷம் பள்ளி திறக்கும் வாரத்தில் ஊருக்கு ஊர் நடக்கிற கதை. யாரும் அந்தப் பையனை விரட்டவில்லை. 'வா' என்று கூப்பிட்டு உள்ளே உட்கார வைக்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

அறுந்து போகும் இடம்

சென்னை மாநகராட்சிக்கு 400க்கு மேல் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும்தான். தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது முடிந்தால் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். நடுநிலைப் பள்ளியில் எட்டாவது முடிந்தால் வேறு பள்ளிக்குப் போக வேண்டும். நூல் அறுந்து போவது இந்த இடத்தில்தான்.

எட்டு வருஷம் பழகிய டீச்சர் போய்விடுகிறார். தெருவிலேயே இருந்த பள்ளி போய்விடுகிறது. இனிமேல் பஸ் ஏற வேண்டும். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பெரிய கட்டடம். யாரைக் கேட்பது, எந்த ரூமுக்குப் போவது என்று தாய்க்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்த பையனிடம் ஏட்டு கேட்கிற முதல் கேள்வி, "என்னடா படிக்கிறே?" என்பதுதான். "எட்டாவதோட நின்னுட்டேன் சார்" என்ற பதிலைக் கேட்டுப் பழகாத ஸ்டேஷன் உண்டா?

சட்டமும் பதினாலோடு சரி

இலவச கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடிகிற வரை, படிப்பு என்பது பிள்ளையின் உரிமை. டி.சி. வர லேட் ஆகிறது என்று சொல்லி சேர்க்க மறுக்கக் கூடாது. வயசுக்கு அத்தாட்சி இல்லை என்றும் திருப்பி அனுப்பக் கூடாது. பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுக்கவும் கூடாது.

ஆறாம் வகுப்புக்கு வருகிற தாய் இதைத் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். 'டி.சி. அப்புறம் வரும், பிள்ளையை இப்போ உட்கார வையுங்க' என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு.

ஆனால் ஒன்பதாம் வகுப்பு? அங்கே அந்தச் சட்டம் நின்றுவிடுகிறது. சேர்த்துக் கொள்ளச் சொல்கிற அரசு உத்தரவுகளும் தலைமை ஆசிரியரின் நல்ல மனசும்தான் துணை.

இன்னொரு சட்டத்தையும் பார்க்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-ல் திருத்தப்பட்டது. 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையைக் கடையிலோ ஷெட்டிலோ வேலைக்கு வைத்தால் ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் விழலாம். ஆனால் 14 முடிந்துவிட்டால் ஆபத்தான தொழில்களில்தான் தடை. மற்ற வேலைகளுக்கு முழுத் தடை இல்லை.

படிக்க வைக்கிற சட்டம் 14 வயசில் கையை விடுகிறது. வேலைக்கு வைக்காதே என்கிற சட்டமும் அதே 14 வயசில் பிடியைத் தளர்த்துகிறது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் கால் வைப்பதும் அதே வயசில்தான். இந்த ஒரு வாசலில் பிள்ளையைப் பிடித்து உள்ளே இழுக்காவிட்டால் பிறகு யாரும் இழுக்க முடியாது.

சொல்லாவிட்டால் நஷ்டம்

அரசுப் பள்ளியில் படிப்பதால் என்ன கிடைக்கும்? வாசலில் நிற்கிற பெற்றோரில் பாதிப் பேருக்கு முழுசாகத் தெரியாது. பள்ளியும் முதல் நாளில் சொல்வதில்லை.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 2021-ல் என்ஜினீயரிங், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகிய படிப்புகளுக்கும் அது வந்தது. நிபந்தனை என்ன? ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் கடன் வாங்கி இரண்டு வருஷம் மெட்ரிகுலேஷனில் போட்டுத் திரும்பக் கொண்டு வந்தால் போச்சு! அந்தக் கடனோடு டாக்டர் சீட்டுக்கான வாய்ப்பும் போய்விடும். இதை ஆறாம் வகுப்பில் சொல்லாமல் பன்னிரண்டாம் வகுப்பில் சொல்லி என்ன லாபம்?

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. இதற்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான்.

எட்டாம் வகுப்பில் ஒரு பரீட்சை இருக்கிறது. தேசிய வருவாய் வழி திறன் தேர்வு என்று பெயர். ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகாத குடும்பத்துப் பிள்ளை எழுதலாம். தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருஷம் 12 ஆயிரம் ரூபாய், நாலு வருஷத்துக்கு 48 ஆயிரம். கூலி வேலை பார்க்கும் வீட்டில் இது சின்னப் பணமா?

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2022-ல் வந்த காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை என்று தொடங்கப்பட்டது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. ஐந்து வருஷம் பள்ளியிலேயே காலைச் சாப்பாடு சாப்பிட்டுப் பழகிய பிள்ளை, ஆறாம் வகுப்பில் வெறும் வயிற்றோடு பிரேயரில் நின்றால் மயங்கித்தான் விழும். காலையில் வீட்டில் என்ன கொடுத்து அனுப்புவது என்று அந்தத் தாய்க்கு முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? ஒன்பதாம் வகுப்புக்கு சீருடை யார் தருவது, தைக்க எவ்வளவு ஆகும் என்பதையும் முதல் நாளே சொல்லி விடலாமே!

இனிஷியலில் வரும் வினை

இன்னொரு தலைவலி பேரும் இனிஷியலும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், ஆதாரில் ஒரு எழுத்து கூட, டி.சி.யில் ஒரு எழுத்து குறைய. இப்படி இருந்தால் பேங்கில் பணம் ஏறாது. ஸ்காலர்ஷிப் வராது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தப்பாக ஏறிவிட்டால் அதைத் திருத்த ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும். சேர்க்கிற அன்றைக்கே மூன்று காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அஞ்சு நிமிஷ வேலை. சேர்ப்பவரும் பார்ப்பதில்லை, சேர்க்க வருபவருக்கும் தெரிவதில்லை.

தனியார் பள்ளியில் கட்டண பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்து வைத்துக் கொண்டு அரசுப் பள்ளிக்கு வர முடியாமல் தவிக்கிறவர்களும் உண்டு. டி.சி. என்பது பாக்கி வசூல் செய்யும் கருவி அல்ல என்று 2024 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டே சொல்லி விட்டது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

கேட்டுக்கு வெளியே

பள்ளிக்கூடம் என்றால் கேட்டுக்கு உள்ளே மட்டும் அல்ல. வெளியேயும் இருக்கிறது.

பெட்டிக்கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் பீடி, சிகரெட் விற்கக் கூடாது என்று 2003-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. சின்னப் பிள்ளைக்குப் புகையிலை, போதைப் பொருள் கொடுத்தால் 2015-ம் வருஷச் சிறார் நீதிச் சட்டப்படி ஏழு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம். இரண்டு ரூபாய் லாபத்துக்கு ஏழு வருஷமா? கடைக்காரர் யோசிக்க வேண்டும். அவர் வீட்டுப் பிள்ளையும் இதே கேட்டுக்குள்தான் போகிறது.

பஸ் விவகாரமும் அப்படித்தான். வருஷா வருஷம் பள்ளி திறக்கும் போது, புது பஸ் பாஸ் வருகிற வரை சீருடையைப் பார்த்து இலவசமாக ஏற்றிக் கொள்ளும்படி போக்குவரத்துத் துறை அறிவிக்கிறது. இது தெரியாமல் டிக்கெட் காசு இல்லை என்று பிள்ளையை வீட்டில் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், 'ரூட்டு தல' என்று படிக்கட்டில் தொங்குகிற அண்ணன்மார்கள் புதுசாக வரும் பையனை முதல் வாரத்திலேயே கையைப் பிடித்து இழுத்துக் கொள்கிறார்கள். பள்ளிக்கூடம் இழுக்கத் தவறுகிற பையனை அவர்கள் தவறாமல் இழுக்கிறார்கள்!

ஒரு நாள் போதும்

குறை சொல்வது மட்டும் நியாயம் அல்ல. மார்ச் மாதமே மேளம் அடித்து, ஊர்வலம் விட்டு, வீடு வீடாகப் படி ஏறிப் பிள்ளை சேர்க்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். டி.சி. இல்லாவிட்டாலும் 'உட்காருப்பா, அப்புறம் பாத்துக்கலாம்' என்கிற தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் நல்ல ஹெச்.எம். கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் இல்லை என்று பிள்ளையின் படிப்பு இருக்கக் கூடாது. அது முறையாக நடக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? பள்ளி திறக்கிற வாரத்தில் ஒரே ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் யாருக்கும் கூலி போகாது. புதுசாக ஆறாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் வருகிற பிள்ளைகளையும் பெற்றோரையும் உள்ளே கூப்பிட வேண்டும். வகுப்பறை எது, கக்கூஸ் எது, குடிதண்ணீர் எங்கே, லேப் எது, லைப்ரரி எது என்று மூத்த மாணவர்களே சுற்றிக் காட்டட்டும். வகுப்பு ஆசிரியர் முகத்தைக் காட்டட்டும். என்னென்ன திட்டம், என்னென்ன காகிதம் என்று ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கையில் கொடுக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு வாயால் சொல்லட்டும்.

அந்தத் தாளின் அடியில் இரண்டு நம்பர் இருக்க வேண்டும். படிப்பு சம்பந்தமான உதவிக்கு 14417. பிள்ளைக்கு யாராவது தொந்தரவு கொடுத்தால் 1098.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். அந்தக் குழுவின் தாய்மார்களையே கேட் பக்கம் ஒரு மேஜை போட்டு உட்கார வைக்கலாம். வாட்ச்மேன் 'நாளைக்கு வா' என்பதும், இன்னொரு தாய் 'உள்ளே வாக்கா' என்பதும் ஒன்றாகுமா?

லிஸ்டைப் பாருங்கள்

கடைசியாக அதிகாரிகளுக்கு. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பேரும் 'எமிஸ்' கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு பள்ளி பிள்ளையை அனுப்பிவிட்டால் அந்தப் பேர் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. அடுத்த பள்ளி சேர்க்கும் போது அங்கிருந்து எடுத்துக் கொள்கிறது. அப்படியானால் ஜூலை மாதத்திலும் யாரும் எடுக்காமல் அந்தத் தொகுப்பில் கிடக்கும் பேர் எது? ஊரை விட்டுப் போனவர்களைக் கழித்தால் மிச்சம் இருப்பது ஷெட்டில் நிற்கிற பையன், வீட்டில் தம்பியைப் பார்த்துக் கொள்கிற பெண்!

கணக்கெடுப்பு என்று தனியாகத் தேடி அலைய வேண்டியதில்லை. லிஸ்ட் கையிலேயே இருக்கிறது. எட்டாவது வரை படிக்க வைத்த தலைமை ஆசிரியர், தன் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒன்பதாவதில் உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அது வரை அந்த வருஷத்துக் கணக்கு முடியக் கூடாது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். புதுப் பணம் வேண்டாம். ஒரு உத்தரவு போதும்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களை வாசலில் நின்று பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து 'வாங்க' என்கிறோம். அரை நாள் விருந்துக்கே அந்த மரியாதை. நாலு வருஷமும் ஏழு வருஷமும் படிக்க வருகிற பிள்ளைக்கு வாசலில் ஒரு 'வாங்க' கூட இல்லையா?

மெக்கானிக் ஷெட்டில் நிற்கும் அந்தப் பையனின் பேர் இன்னமும் லிஸ்டில் இருக்கிறது. கூப்பிடுவார்களா?