'பவர்' எனும் ஒரு சொல்



ஆங்கிலம் கற்றோர் நாவில் அன்றாடம் புரளும் சொற்களுள் 'பவர்' என்பதும் ஒன்று. ஆட்சியில் அமர்ந்தவர் கையில் இருப்பதும் பவர். அந்தி வேளையில் விளக்கு அணைந்ததும் போய்விட்டதென்று நாம் முணுமுணுப்பதும் பவர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கேட்பதும் அதுவே. ஊரிலுள்ள நிலத்தை விற்க அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரமும் அதுவே. கணக்கு வகுப்பிலோ, இரண்டின் தோள்மேல் ஏறிச் சிறு உருவில் உட்கார்ந்திருக்கும் மூன்றுக்கும் அப்பெயரே!

அகராதியைப் புரட்டினால் வலிமை, வல்லமை, வலு, ஆற்றல், திறன், சக்தி, அதிகாரம் என்று வரிசை நீளும். அத்தனையும் ஒரு பொருட் சொற்கள் என்று எண்ணி, கைக்கு அகப்பட்டதை எடுத்தாளுகிறோம். மேடைப் பேச்சுக்கு அது போதும். அறிவியலுக்குப் போதாது.

இதில் என்ன கேடு வந்துவிட்டது என்று கேட்பீர்கள். எங்கள் விடுதியில் முதலாண்டுத் தம்பி ஒருவன் இருக்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவன், கணக்கில் புலி. வெப்பக் கதிர்வீச்சு பற்றிய பாடம் நடந்தது. சூடான பொருள் வீசும் 'பவர்', அதன் வெப்பநிலையின் நான்காவது 'பவரு'க்கேற்ப வளரும் என்று ஆங்கிலத்தில் சொல்லப்பட்டது. ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் இருமுறை, இரு பொருளில்! வெப்பநிலை இருமடங்கானால் கதிர்வீச்சு என்னவாகும் என்ற வினாவுக்கு அவன் நான்கு மடங்கு என எழுதினான். பதினாறு என்பதே விடை. அன்றிரவு அதையே நான், 'வீசும் திறன், கெல்வின் அளவிலான வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்த்தகவில் இருக்கும்' என்று தமிழில் சொன்னேன். "இதுதானா அண்ணா? ஸ்டெஃபான் விதி! பள்ளியிலேயே படித்தேனே!" என்றான். அறிவு அவனிடம் இருந்தது, மதிப்பெண் போய்விட்டது. இப்படி எத்தனை தம்பி தங்கையர் முதலாண்டிலேயே, 'நமக்கு அறிவியல் வராது' என்று தாமே முடிவு கட்டிக்கொள்கிறார்களோ!

ஆங்கிலத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. சொற்குழப்பம் அம்மொழியின் அறிஞர்களையும் ஆட்டிப் படைத்திருக்கிறது. 'எனர்ஜி' என்ற சொல்லை இன்றைய பொருளை ஒட்டி வழங்கியவர் தாமஸ் யங், ஆண்டு 1807. ஆயினும் நாற்பதாண்டு கழித்து, 1847இல், ஆற்றல் அழியாது என்று நிறுவிய ஹெல்ம்ஹோல்ட்ஸ், செர்மன் மொழியில் விசையைக் குறிக்கும் 'கிராஃப்ட்' என்ற சொல்லையே நூலின் தலைப்பில் வைத்தார். மாபெரும் ஆய்வாளர் ஃபாரடேயும் 1857இல் 'விசையின் அழியாமை' என்றே சொற்பொழிவாற்றினார். விசை வேறு, ஆற்றல் வேறு, ஆற்றல் பாயும் வேகமாகிய திறன் வேறு என்ற பாகுபாடு வானத்திலிருந்து விழவில்லை. அறிஞர்கள் கூடி, வாதிட்டு, வரையறுத்து அமைத்துக்கொண்ட உடன்பாடு அது.

அந்த உடன்பாட்டை நாம் மறந்தால் என்ன ஆகும்? கருநாடகத்தின் பாவகடா கதிரொளிப் பூங்காவின் அளவு 2,050 மெகாவாட். நம் கூடங்குளத்தில் இயங்கும் இரு அணு உலைகளும் சேர்ந்து 2,000 மெகாவாட். 'இரண்டும் ஒன்றுதானே, பாவகடா சற்றுப் பெரிதுகூட' என்று வாதிடுவோரைத் தேநீர்க் கடையிலும் காணலாம், தொலைக்காட்சியிலும் காணலாம். மெகாவாட் என்பது திறன். ஆண்டு முழுவதும் கிடைக்கும் ஆற்றல் எவ்வளவு என்று கேட்க வேண்டாமா? கதிரவன் இரவில் உறங்கப் போய்விடுகிறான். காலையிலும் மாலையிலும் சாய்கிறான். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கதிரொளி நிலையம் தன் முழு அளவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே தரும். அணு உலையோ பழுதின்றி இருக்கும் வரை அல்லும் பகலும் ஓடும். எது நல்லது என்பது வேறு வழக்கு. அதில் நான் இப்போது புகவில்லை. சொல் தெரியாமல் அந்த வழக்கையே நடத்த முடியாது என்கிறேன்.

நம் அறைக்கு வரும் மின்கட்டணச் சீட்டு நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. கிலோவாட்டுக்கு ஒரு நிலைக்கட்டணம், அது திறனுக்கு. யூனிட்டுக்கு ஒரு கட்டணம், அது ஆற்றலுக்கு. 2,000 வாட் வெந்நீர்க் கருவி அரை மணியில் உண்பதை, 10 வாட் விளக்கு நூறு மணி நேரத்தில் உண்ணும். இரண்டும் ஒரே யூனிட்தான். (வெந்நீருக்காக விடுதியில் சண்டையிடுவோர் கவனிக்க!)

இனித் தமிழுக்கு வருவோம். 1916இலேயே சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்று ஓர் இதழ் நடத்தினர். ஆனால் நாம் இன்னும் ஒருமுகப்படவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆற்றல், திறன் என்று இருப்பவை இலங்கைப் பாடநூலில் சக்தி, வலு என்று இருக்கும். தமிழ்நாட்டு அரசின் துறைக்கோ 'எரிசக்தித் துறை' என்று பெயர். பாடநூலில் ஆற்றல், கோட்டையில் சக்தி! என்னைக் கேட்டால், 'வலு' என்ற ஈழத்துச் சொல்லே மேல் என்பேன். 'திறன்' பாவம், ஏற்கெனவே சுமை மிகுந்த சொல். தொழில் பயிற்சியிலும் திறன், கைபேசியிலும் திறன். போதாக்குறைக்கு லென்சின் குவியத் தொலைவினது தலைகீழையும் 'லென்சின் திறன்' என்றே நம் நூல்கள் எழுதுகின்றன. வாட்டுக்கும் டையாப்டருக்கும் என்ன உறவு? ஆங்கிலத்தில் இரண்டும் பவர் என்பதைத் தவிர வேறோர் உறவும் இல்லை. பொருளைப் பெயர்க்காமல் சொல்லைப் பெயர்த்ததன் விளைவு இது.

'அடுக்கு' என்று வைத்தவரைக் கண்டால் நான் கைகூப்புவேன். ஆங்கிலத்தில் அதற்கும் பவர் என்று பெயர் வந்தது, சதுரத்தைக் குறிக்கக் கிரேக்கர் ஆண்ட 'டைனமிஸ்' இலத்தீன் வழியாக வந்து சேர்ந்ததால். அந்தப் பழங்கதையைத் தமிழ் சுமக்க மறுத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. கண்ணுக்கே தெரிகிறது பொருள்.

நம்மிடம் மட்டும் குழப்பம் இல்லையா என்று கன்னட நண்பர் ஒருவர் மடக்கினார். இருக்கிறது. 'அதிகாரம்' என்பது ஆட்சி உரிமையும் ஆகும், நூலின் பகுதியும் ஆகும். வலிமையை ஆராயச் சொல்லும் 'வலியறிதல்', திருக்குறளின் 48ஆம் அதிகாரம்! அவரும் சிரித்தார். விளக்கு அணைந்தபோது 'கரெண்ட் ஹோய்து' என்று அவரும், 'கரண்ட் போச்சு' என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். அங்கே மின்னோட்டம், ஆற்றல், திறன் மூன்றுமே ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன. இருட்டில் அது போதும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்வழியில் பயின்று வரும் முதலாண்டினருக்காக இவ்விதழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். இதழுக்கு ஓர் ஆங்கிலச் சொல். அது எந்தத் துறையில் எப்பொருள் தரும், தமிழில் எச்சொல், இலங்கையில் எச்சொல் என்று எழுதுவோம். வயல், களம், புலம், துறை என்று பல வேடம் போடும் 'ஃபீல்டு' என்ற சொல்லை நான் எடுத்துக்கொள்கிறேன். 'செல்' உயிரியல் நண்பர்களுக்கு. சிறை அறையையும் மின்கலத்தையும் மறந்துவிடாதீர்கள்.