டீவி கேம் போர்டைப் பிய்க்க வேண்டாம்

இரண்டு ராம் சிப், ஒரு 60 கால் ஸ்லொட், ஒரு 74எல்எஸ்373. நின்டெண்டோவின் ஜப்பான் ஃபேமிகொம் ஒன்றுக்கு உயிர் கொடுக்க இவை தேவைப்பட்டால் எங்களில் பலர் செய்வது ஒன்றுதான். மூலையில் கிடக்கும் தாய்வான் டீவி கேமைத் திறந்து, போர்டைச் சூடாக்கி, வேண்டியதைப் பிய்த்தெடுக்கிறோம். ஜப்பானில் செய்தது ஒரிஜினல், தாய்வானில் செய்தது கொப்பி. கொப்பி போனாலும் ஒரிஜினல் பிழைக்கட்டும் என்பது கணக்கு. கொழும்பில் பழைய கேம் இயந்திரம் திருத்துபவர்களுக்கு அந்தக் கணக்கு பிழை என்பதே இம்முறை ஆசிரியர் உரை.

ஃபேமிகொம் 1983 ஜூலை 15ஆம் திகதி ஜப்பானில் வெளிவந்தது. அங்கு மட்டும் 1 கோடி 90 இலட்சத்துக்கு மேல் விற்றது. அதன் சுற்றுப்படம் எல்லோர் கையிலும் இருக்கிறது. சிப்பின் மூடியைக் கரைத்து உள்ளமைப்பைப் படமெடுத்தும் ஆராய்ந்துவிட்டார்கள். உதிரிக்கென்றே செத்த ஃபேமிகொம் ஒன்றை ஜப்பானிலிருந்து வரவழைக்கவும் முடியும். தொண்ணூறுகளில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து எங்கள் வீடுகளுக்கு வந்த டீவி கேமுக்கு இந்த வசதிகள் எதுவுமில்லை. ரஷ்யாவில் ஸ்டீப்ளர் நிறுவனம் 1992 இறுதியில் இதே வகைக் குளோனை டெண்டி என்று விற்றது. போலந்தில் பெகாசஸ் என்று விற்றார்கள். அந்த நாடுகளின் ஆர்வலர்கள் பல மாதிரிகளைப் பிரித்து, போர்டின் படத்தோடு பதிந்து வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் விற்ற சாமுராய் இயந்திரத்துக்கு இன்றும் தேடி வாங்குவோர் உண்டு. இங்கே எந்த வருடம் எந்தப் போர்ட் வந்தது, எதற்குள் என்ன சிப் இருந்தது என்பதற்குச் சான்று அந்தப் போர்டுகளேதான். அவற்றைத்தான் நாங்கள் உதிரிக்காக உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய வகை ஒன்றைத் திறந்து பாருங்கள். மண்ணிறக் காகிதப் போர்ட், ஒரு பக்கம் மட்டும் செம்புத் தடம், மறுபக்கம் வளைத்துப் போட்ட ஜம்பர் கம்பிகள். அலுமினியத் தகட்டில் திருகிய 7805 ரெகுலேட்டர். நடுவில் நாற்பது கால் சிப் இரண்டு, யூஏ6527பி, யூஏ6538, இரண்டும் தாய்வானின் யூஎம்சி நிறுவனத்தவை. பக்கத்தில் 26.601 என்று அச்சிட்ட கிறிஸ்டல். பிந்திய காலத்தவற்றில் இந்த இரண்டு சிப்பும் ஒரே கறுப்புக் குமிழுக்குள் போய்விட்டன. அவற்றில் எங்களால் செய்யக்கூடியது குறைவு. சிப் தனியாக உள்ள போர்டே நான் இங்கு பேசுவது.

அந்தக் கிறிஸ்டல் இலக்கத்தைக் கவனியுங்கள். ஜப்பான் ஃபேமிகொம் 21.477272 மெகாஹேர்ட்ஸில் ஓடும். 12ஆல் பிரித்தால் செயலிக்கு 1.79 கிடைக்கும். ஐரோப்பாவின் பால் முறை டீவிக்காக நின்டெண்டோ செய்த இயந்திரம் 26.601712ஐ 16ஆல் பிரித்து 1.66இல் ஓடியது. திரையில் ஒரு கோடு வரையும் நேரத்துக்குள் செயலி எத்தனை வேலை முடிக்கும் என்று எண்ணி எழுதப்பட்ட ஜப்பான் கேம்கள் அதில் தடுமாறும், படம் குலுங்கும். யூஎம்சி பொறியியலாளர்கள் அதே கிறிஸ்டலை 15ஆல் பிரித்தார்கள். செயலிக்கு 1.77 வந்தது. செயலி ஓர் அடி வைக்கும்போது படச் சிப் மூன்று புள்ளி நகரும் ஜப்பான் விகிதம் அப்படியே நின்றது. 50 ஹேர்ட்ஸ் படத்துக்கு மேலதிகமாகத் தேவைப்பட்ட கோடுகளை, ஒவ்வொரு படமும் முடிந்ததும் செயலிக்குப் போகும் சமிக்ஞைக்கு முன்னால் செருகினார்கள். கேமின் நிரலுக்கு அது தெரியவே தெரியாது. டீவி பால் முறை, கெசட்டோ ஜப்பான் முறை என்ற நிலையிலுள்ள நாடுகளுக்காக ஆழ யோசித்துச் செய்த வேலை இது. இலங்கை அப்படியான ஒரு நாடு. இதைக் கொப்பி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த மாற்றம் விளையாடியவரின் காதுக்கும் கைக்கும் எட்டியது. நொடிக்கு 60 படத்துக்குப் பதில் 50 படம் வருவதால் ஆட்டமும் பாட்டும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகின்றன. சுருதியோ ஏறக்குறைய ஒரு வீதம்தான் இறங்குகிறது. சில குளோன் செயலிகளில் சதுர அலையின் 25 வீத, 50 வீத அகலங்கள் இடம் மாறிக் கிடப்பதால் ஒலியின் தன்மையும் வேறு. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த ஒருவர் இன்று எமுலேட்டரில் சூப்பர் மாரியோவைக் கேட்டுவிட்டு, "இது நான் விளையாடினது இல்லை, பாட்டு ஓடுது" என்று சொன்னால் அவர் சொல்வது சரி. அவர் கேட்ட ஒலி இந்தச் சிப்பில் இருக்கிறது. கிறிஸ்டலை மாற்றி, சிப்பை மாற்றி, "60 ஹேர்ட்ஸ் ஆக்கித் தருகிறேன்" என்று முன்வரும் திருத்துநர் இதை ஒருமுறை யோசித்துவிட்டு அயனைச் சூடாக்கட்டும்.

அடுத்தது மின்வழங்கி. அதன் சிக்கல் போர்க்கால இடம்பெயர்வோடு சேர்ந்தே வந்தது. 1990இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி கொண்டுபோகவும் தடை. அங்கிருந்து வந்து, வெளிநாட்டுப் பயணத்துக்காக வெள்ளவத்தை லொட்ஜ்களில் காத்திருந்த குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் டீவி கேமைக் கையில் தொட்டது கொழும்பில்தான். பிறகு அதே குடும்பங்களின் பெட்டிகளில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இயந்திரங்கள் வரத் தொடங்கின. லண்டன் பெட்டியில் சிக்கல் இல்லை. கனடாவிலிருந்து வந்தது 120 வோல்ட் அடாப்டர். அதை 230 வோல்ட் பிளக்கில் செருகியதும் மின்மாற்றியின் முதல் சுருள் எரியும், அல்லது உள்ளே இருக்கும் வெப்ப உருகி அறுந்துவிடும். வீட்டுக்காரர் மெஷின் எரிந்துவிட்டது என்று அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிடுவார். உண்மையில் 7805 உள்ளீட்டில் 35 வோல்ட் வரை தாங்கும். பல நேரங்களில் அடாப்டரும் ஒரு 16 வோல்ட் கெபாசிட்டரும் மட்டுமே போயிருக்கும். ஆகவே "எரிந்துபோனது" என்று வருகிற எதையும் உதிரிப் பெட்டிக்குள் போடுவதற்கு முன் உள்ளீட்டுக் கெபாசிட்டரைக் கழற்றி அளந்து பாருங்கள்.

மாற்று அடாப்டர் கொடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். நின்டெண்டோவின் அமெரிக்க இயந்திரமான என்ஈஎஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் மாறுமின்னோட்டம் தரும், ஏனென்றால் ரெக்டிஃபையர் அந்த இயந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. ரெக்டிஃபையர் இல்லாத டீவி கேமில் அதைச் செருகினால் கெபாசிட்டர் வெடிக்கலாம். சேகா மெகா டிரைவ் முதல் மாதிரிக்கு பிளக்கின் நடுமுனை நெகட்டிவ், இரண்டாம் மாதிரிக்கு பொசிட்டிவ். கொடுக்கும் அடாப்டரில் பெயரையும் முனையையும் ஒட்டிக் கொடுப்பதற்கு ஒரு நிமிடம்தான் போகும்.

சிப் போட்ட பிளேஸ்டேஷனுக்கு வருவோம். சோனி டிஸ்கின் உள்பக்கத்தில் தடத்தையே மெல்ல அசைத்து நான்கு எழுத்தைப் பதித்தது: ஜப்பானுக்கு எஸ்சிஈஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஈஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஈஈ. வீட்டு சிடி ரைட்டரால் அந்த அசைவை எழுத முடியாது. 12சி508 போன்ற எட்டுக் கால் பிக் சிப் ஒன்று அந்த எழுத்துகளைத் தானே அனுப்பி இயந்திரத்தை நம்பவைத்தது. கொழும்பில் இருந்து என் மேசைக்கு வந்த முதல் தலைமுறை பிளேஸ்டேஷன்களில் இந்தச் சிப் இல்லாதவை அபூர்வம். இன்று அவற்றுக்கு எக்ஸ்ஸ்டேஷன் போன்ற, டிஸ்குக்குப் பதில் மெமரி கார்டிலிருந்து கேமை ஓட்டும் போர்ட் பொருத்தக் கொண்டுவருகிறவர்கள், பழைய சிப்பைக் கழற்றிச் சுத்தமாக்கித் தரும்படி கேட்கிறார்கள். நாங்களும் யோசிக்காமல் வெட்டி எறிகிறோம்.

எறிய வேண்டாம். தொண்ணூறுகளின் இறுதியில் பம்பலப்பிட்டியிலோ புறக்கோட்டையிலோ ஒரு திருத்துநர், உருப்பெருக்கி இல்லாமலும் இருக்கலாம், மயிரிழைக் கம்பியை எந்தக் காலில் வைத்தார், எந்த வழியாக இழுத்தார், எதை வைத்துக் காப்பிட்டார் என்பதெல்லாம் அங்கே அப்படியே இருக்கிறது. எங்கள் தொழிலின் வரலாறு எழுதப்பட்டிருக்கும் இடம் அதுதான். சிப் இடைஞ்சல் தருமென்றால் மின் கம்பியோடு சமிக்ஞைக் கம்பிகளையும் போர்ட் பக்கம் தூக்கி, முனைக்குக் கப்டன் டேப் ஒட்டி, சிப்பை இருந்த இடத்திலேயே விடலாம். மின்சாரத்தை மட்டும் துண்டித்தால் போதாது. மின்சாரம் இல்லாத சிப்பும் தன் கால்கள் வழியாகச் சமிக்ஞையை இழுக்கும்.

லென்ஸ் விஷயத்திலும் அவசரம் அதிகம். ஆரம்ப மாதிரிகளைத் தலைகீழாக வைத்து விளையாடியதை மறந்திருக்க மாட்டீர்கள். லென்ஸ் வண்டி ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளம் மின்வழங்கியின் சூட்டுக்குப் பக்கத்தில் இருந்து தேய்ந்ததுதான் காரணம். 5500 வரிசையில் சோனி லென்ஸையே இடம் மாற்றியது. அந்தத் தேய்மானத்தைப் பார்க்காமல் பொட்டென்ஷியோமீட்டரைத் திருகி லேசரின் மின்னோட்டத்தைக் கூட்டினால் டிஸ்க் சில மாதம் ஓடும், பிறகு லேசர் செத்துவிடும். முதலில் தண்டவாளத்தைத் துடைத்து கிரீஸ் பூசிப் பாருங்கள்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இதழ் தயாராவது கொலன்னாவையில். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நாள்கணக்கில் நீரில் கிடந்தன. கட்டிலுக்குக் கீழே அட்டைப் பெட்டியில் இருந்த டீவி கேம்களும் கெசட்டுகளும் சேற்றோடு குப்பைக்குப் போயின. அவற்றில் கணிசமானவை பிழைத்திருக்கும். வெள்ளத்தில் நனைந்ததைக் காய்ந்துவிட்டது என்று நினைத்து உடனே மின்சாரம் கொடுப்பதுதான் கொல்லும். சேறு காய்வதற்கு முன் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு வடித்த நீரில் அலசி, சிப்பின் அடியில் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் ஊற்றி மென் தூரிகையால் சேற்றைத் தள்ளி, நிழலில் காற்றோட்டமாக நாள்கணக்கில் உலரவிட வேண்டும். காகிதப் போர்ட் நீரை உறிஞ்சும். ஈரம் உள்ளே இருக்கும்போது அயன் வைத்தால் செம்பு வட்டம் போர்டை விட்டு உரிந்து வரும். வெயிலிலும் ஓவனிலும் வைத்து அவசரப்படுத்தாதீர்கள். நீர் புகுந்த மின்பகுப்புக் கெபாசிட்டர்களை அளந்து பார்க்காமலே மாற்றிவிடுவது நல்லது, அவை மலிவு.

இப்படியெல்லாம் சொல்வதால் நான் மாற்றியமைப்புக்கு எதிரானவன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்எஃப் பெட்டி வழி வரும் மங்கல் படத்தோடு யாரும் இன்று விளையாட மாட்டார்கள். விளையாடாத இயந்திரம் அலுமாரியில் துருப்பிடிக்கும். யூஏ6538இன் 21ஆம் காலிலிருந்து படச் சமிக்ஞையை எடுத்து, ஒரு டிரான்சிஸ்டர் சுற்று வழியாக ஏவி வெளியீடு கொடுப்பது சிறிய வேலை. வெளியீட்டுச் சொக்கெட்டை ஏற்கனவே உள்ள ஆர்எஃப் துளையில் பொருத்தினால் உறையில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை. சூட்டில் வேகும் 7805க்குப் பதிலாக அதே மூன்று துளையில் உட்காரும் சுவிட்சிங் மொடியூல் கிடைக்கிறது. படத்தில் கோடு விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்டிஎம்ஐ சொக்கெட்டுக்காக உறையை அறுப்பதை நான் ஏற்கமாட்டேன், எவ்வளவு அழகாக அறுத்தாலும். போர்டில் வைத்ததை ஒருநாள் கழற்றலாம், அறுத்த பிளாஸ்டிக்கை ஒட்ட முடியாது. கழற்றிய மூல உதிரிகளை ஒரு சிறு பையில் போட்டு உறைக்குள்ளேயே வைத்து மூடுங்கள். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: திகதி, என்ன மாற்றப்பட்டது, என்ன பெறுமதியுள்ள உதிரி போடப்பட்டது. பத்து வருடம் கழித்துத் திறக்கப்போகிறவருக்கு அது அரைநாள் வேலையை மிச்சமாக்கும்.

அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களைப் போர்ட் படங்களுக்கு ஒதுக்குகிறோம். உங்கள் மேசைக்கு வரும் ஒவ்வொரு டீவி கேமையும் அயன் வைப்பதற்கு முன் இரு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். போர்ட் இலக்கமும் கிறிஸ்டல் இலக்கமும் வாசிக்கும்படி தெரிய வேண்டும். சிப்பின் மேலுள்ள நான்கு இலக்கத் திகதிக் குறி தெளிவாக விழட்டும். பெரும்பாலும் முதல் இரண்டு வருடம், அடுத்த இரண்டு வாரம், ஆகவே அந்தப் போர்ட் எதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது என்று அதிலிருந்து தெரிந்துவிடும். வாங்கிய ஊரும் ஏறத்தாழ எந்த வருடம் என்பதும் உரிமையாளருக்கு நினைவிருந்தால் கேட்டு எழுதுங்கள். உரிமையாளரின் பெயர் வேண்டாம். குறிப்பைச் சிங்களத்தில் எழுதியனுப்பும் நண்பர்களின் படங்களையும் சேர்த்தே வெளியிடுவோம். அந்தப் போர்டுகள் எந்த வீட்டுக்கும் மொழி பார்த்துப் போகவில்லை.